முதலாவது எது? பணம், காணிக்கை, பரலோகப் பொக்கிஷம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்று எந்த வீட்டுக்கூட்டத்துக்குப் போனாலும், பணத்தைப் பற்றிய சந்தேகம் வேதபாட நேரத்தில் எழுவதில்லை. ஜெபம் முடிந்து, தேநீர்க் கோப்பையோடு வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வரும், அதுவும் தாழ்ந்த குரலில். அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். வசனங்கள் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி உள்ளன. சட்டமும் விகிதங்களும் மலேசியாவுக்கு உரியவை.

ஆவிக்குரிய ஐசுவரியம்னா என்னங்க? ஜெபம் பண்றது, பைபிள் படிக்கிறது மட்டும்தானா?

ஜெபமும் வேதவாசிப்பும் அந்த ஐசுவரியத்துக்குப் போகிற வழி. ஐசுவரியம் என்று வேதம் சொல்வது இன்னும் பெரியது. பவுல் எபேசியருக்கு எழுதும்போது 'கிறிஸ்துவினுடைய அளவற்ற ஐசுவரியம்' என்கிறார். யாக்கோபு 'விசுவாசத்தில் ஐசுவரியவான்கள்' என்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் 'நற்கிரியைகளில் ஐசுவரியவான்கள்' என்று வருகிறது. தேவனோடு உள்ள உறவு, பாவமன்னிப்பு, போதுமென்கிற மனது, பிறருக்குச் செய்த நன்மை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் உள்ள இரண்டு சபைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது தெளிவாகும். சிமிர்னா சபையின் தரித்திரத்தை அறிந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, 'ஆகிலும் நீ ஐசுவரியமுள்ளவனாயிருக்கிறாய்' என்கிறார் கர்த்தர் (2:9). எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்ட லவோதிக்கேயாவைத் தரித்திரன், குருடன், நிர்வாணி என்கிறார் (3:17). இரண்டு சபையும் தன்னைப் பற்றி வைத்திருந்த கணக்கு வேறு, அவர் பார்த்த கணக்கு வேறு.

அப்போ பணக்காரரா இருக்கிறதே பாவமா?

இல்லை. 'பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது' என்பதுதான் வசனம் (1 தீமோத்தேயு 6:10). ஆசை என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது. இயேசுவைத் தன் கல்லறையில் அடக்கம்பண்ணிய அரிமத்தியா யோசேப்பு ஐசுவரியவான். இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீட்டில்தான் பவுல் தங்கினார். அதே நிருபம் ஏழு வசனம் தள்ளி ஐசுவரியவான்களுக்கே கட்டளை கொடுக்கிறது: இறுமாப்பு வேண்டாம், நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்காதே, தாராளமாய்க் கொடு.

ஆனால் இதைக் கேட்டு உடனே நிம்மதியாகிவிடவும் கூடாது. 'தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது' என்ற வசனத்தில் பணம் எஜமான் இருக்கையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறது. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, தீர்மானம் எடுக்கும்போது யார் வார்த்தை எடுபடுகிறது என்று பாருங்கள். வேலை மாறுவது, வீடு வாங்குவது, பிள்ளைக்குப் படிப்பு, திருமணம் என்று கடைசியாக எடுத்த நான்கு பெரிய முடிவுகளை எழுதி, ஒவ்வொன்றிலும் முதலில் கேட்ட கேள்வி என்ன என்று குறியுங்கள். நான்கிலும் 'எவ்வளவு கிடைக்கும்' என்பதே முதல் கேள்வி என்றால், எஜமான் யார் என்று தெரிந்துவிடும்.

மாசம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். இதுல 'முதலாவது தேவனுடைய ராஜ்யம்'னா எப்படிங்க?

2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் அது. சேமநிதிக்கு (இபிஎஃப்) 11 சதவிகிதமான 187 ரிங்கிட்டும், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் போனால் கையில் ஏறக்குறைய 1,500. வாடகையும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் இது போதாது என்பது உண்மை. அந்த நிலையில் இருப்பவரிடம் 'பொருளாசையை விடு' என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. பசிக்குச் சோறு தேடுவது ஆசை ஆகாது. 'அன்றன்றுள்ள அப்பம்' கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே 'முதலாவது' என்றும் சொன்னார்.

'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்' என்ற மத்தேயு 6:33-இல் உள்ள 'முதலாவது' வரிசையைக் குறிக்கும் சொல். மற்றதைத் தேடாதே என்று அது சொல்லவில்லை. வசதி குறைந்த வீட்டிலும் வரிசை உண்டு: பொய்க் கணக்கு காட்டி வரும் பணம் வேண்டாம் என்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தட்டு வைப்பது. எருசலேம் சபையில் 'ஒருவனுக்கும் ஒன்றும் குறைவாயிருந்ததில்லை' (அப்போஸ்தலர் 4:34). அதனால் குறைவுள்ளவர் தம் சபையில் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மாவும் அரிசியும் கொடுக்கும் ஊழியம் உங்கள் சபையில் இல்லையென்றால், அது கேட்பவரின் குறை அல்ல, சபையின் குறை.

தசமபாகம் மொத்தச் சம்பளத்துலயா, கையில வர்றதுலயா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். மொத்தச் சம்பளம் 3,500 என்று வைத்துக்கொள்வோம். சேமநிதி 385 போக, சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் போக, கைக்கு வருவது ஏறக்குறைய 3,090. மொத்தத்தில் பத்தில் ஒன்று 350, கையில் வருவதில் 309. வித்தியாசம் 41 ரிங்கிட். புதிய ஏற்பாட்டில் இதற்குச் சூத்திரம் கிடையாது. 'தன் மனதில் நியமித்தபடியே' என்றுதான் இருக்கிறது (2 கொரிந்தியர் 9:7). எதை எடுத்தாலும் ஒன்றை நிச்சயித்து அதில் நில்லுங்கள். கையில் வருவதில் கொடுப்பவர் 55 வயதுக்குப் பிறகு சேமநிதியை எடுக்கும்போது அதையும் நினைவில் வைக்கட்டும்.

பழைய ஏற்பாட்டுத் தசமபாகம் தானியம், திராட்சரசம், எண்ணெய், கால்நடை. உபாகமம் 14-இன்படி மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போனது. பத்தில் ஒன்று கொடுத்தேன் என்று சொல்லும்போது, அதில் ஏழைக்குப் போனது எவ்வளவு என்றும் கேளுங்கள். ஒற்தலாமில் (புதினாக் கீரையில்) தசமபாகம் செலுத்தி நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைத்தான் இயேசு கண்டித்தார் (மத்தேயு 23:23).

வருமான வரி பற்றியும் கேட்கிறார்கள். அரசு அங்கீகரித்த அமைப்புக்குக் கொடுத்த ரொக்க நன்கொடையை மட்டுமே, மொத்த வருமானத்தில் 10 சதவிகிதம் வரை கழிக்கலாம். எல்லாச் சபைக் காணிக்கைக்கும் இது பொருந்தாது. ரசீதில் அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்க இருந்து ஆரம்பிக்கிறது? நடைமுறையா சொல்லுங்க.

காணிக்கைப் பாட்டு தொடங்குகிறது. பை இரண்டு வரிசை முன்னால் வந்துவிட்டது. பர்ஸைத் திறந்தால் ஒரு சிவப்பு நோட்டு, இரண்டு பச்சை நோட்டு. விரல் பத்தைத் தொட்டுவிட்டு ஐந்துக்கு மாறுகிறது. அந்த இரண்டு விநாடியில் எடுக்கும் தீர்மானத்தில் விசுவாசத்துக்கும் பங்கில்லை, அன்புக்கும் பங்கில்லை. அதனால் தீர்மானத்தைச் சம்பள நாளுக்கு நகர்த்துங்கள். 1 கொரிந்தியர் 16:2 சொல்லும் முறையும் அதுதான்: வரவுக்குத் தக்கதாக முன்னமே எடுத்துத் தன்னிடத்தில் சேர்த்து வைப்பது.

சம்பளம் வங்கியில் ஏறிய அன்றே, வேறு எதையும் கட்டுவதற்கு முன், நிச்சயித்த தொகையைத் தனிக் கவரில் வையுங்கள் அல்லது தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். நான்கு ஞாயிறு என்றால் நான்கு கவர். கியூஆர் வழியாக அனுப்புபவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். பைக்குள் நோட்டு விழுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கிடைத்த பாடம் திரையில் தெரியாமல் போய்விடுகிறது.

அடுத்தது, 30 நாள் நோட்டு. ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: தேவை, ஆசை, பிறர் பார்வைக்கு. மூன்றாவது குறிதான் கண்ணைத் திறக்கும். ஃபோன் மாற்றியது, மொய்யில் போட்டிக்காகக் கூட்டிய ஐம்பது, தவணையில் எடுத்த பெரிய காடி (கார்) எல்லாம் அங்கேதான் போய் நிற்கும். பலருக்கு இந்த நோட்டு பத்தாம் நாளில் நின்றுபோகிறது. காரணம், வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது. இன்னொரு காரணம், மின்பணப்பையில் ரீலோட் செய்த 50-ஐ ஒரே வரியாக எழுதுவது. அதற்குள் டோல், பார்க்கிங், தே தாரேக் எல்லாம் மறைந்துவிடும். அன்றன்று இரவு, ஜெபத்துக்கு முன் எழுதினால் ஐந்து நிமிடம்.

கொடுத்துப் பழகாதவர் திடீரென்று பத்து சதவிகிதத்துக்குத் தாவினால், பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் மோட்டார் டயரோ பள்ளிக் கட்டணமோ வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மூன்று சதவிகிதத்தில் தொடங்கி, சம்பளம் ஏறும்போதெல்லாம் ஒன்றைக் கூட்டுங்கள். ஜான் வெஸ்லி தம் பிரசங்கமொன்றில் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து மெதடிஸ்ட் ஒருவரின் கணக்கைச் சொல்கிறார். அது அவருடைய சொந்தக் கணக்கே என்பது பொதுவான கருத்து. ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். 60 வந்தபோதும் 28-இலேயே வாழ்ந்து 32 கொடுத்தார். 90 வந்தபோது 62. செலவு அப்படியே நின்றது. நம் வீடுகளில் சம்பளம் 300 ஏறினால் கார் தவணை 400 ஏறுகிறது.

விதைக் காணிக்கை போட்டா நூறு மடங்கா திரும்ப வரும்னு ஒரு ஊழியர் சொன்னாரு. உண்மையா?

அந்த 'நூறத்தனை' மாற்கு 10:30-இல் இருக்கிறது. முழு வசனத்தையும் வாசியுங்கள்: 'துன்பங்களோடேகூட' என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. அது பணம் போட்டவருக்குச் சொன்னது அல்ல. சுவிசேஷத்தினிமித்தம் வீட்டையும் உறவையும் விட்டுவந்தவருக்குச் சொன்னது. திரும்பி வருவதை எண்ணிப் போட்டால் அது முதலீடு, காணிக்கை ஆகாது. இரண்டு காசு போட்ட விதவைக்கு எதுவும் திரும்பி வந்ததாக மாற்கு எழுதவில்லை.

ஒரு தொகையைக் குறிப்பிட்டு, இன்றைக்குள் என்று நேரம் வைத்து, கொடுக்காவிட்டால் சாபம் வரும் என்று யாராவது சொன்னால், அங்கே காணிக்கை போட வேண்டாம். 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்ற வசனத்தை அவர் மீறிவிட்டார்.

கிரெடிட் கார்டு கடன் இருக்கு. முதல்ல கடனைக் கட்டணுமா, காணிக்கை குடுக்கணுமா?

கடன் கொடுத்தவரின் பணம் உங்கள் பணம் அல்ல. 'துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்' என்கிறது சங்கீதம் 37:21. அந்த மாதத் தவணையைக் கட்டாமல் காணிக்கை கொடுத்தால், பிறர் பணத்தில் தாராளம் காட்டியதாகும். தவணை போக மீதியில் சிறு தொகையாவது கொடுத்துப் பழக்கத்தை விடாதீர்கள். கடன் தீரும்வரை அது 10 ரிங்கிட்டாக இருந்தாலும் சரி.

கார்டுக்கு வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 சதவிகிதம். 5,000 பாக்கியை 18-இல் வைத்திருந்தால் மாதம் சுமார் 75 ரிங்கிட் வட்டிக்கே போகும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. வங்கிக் கடன்களைச் சேர்த்துக் கட்டக்கூடிய தவணையாக மாற்றப் பேசியும் தரும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கிளை உண்டு. சம்பளச் சீட்டு, கடன் அறிக்கைகள், வீட்டுச் செலவுப் பட்டியல் மூன்றையும் கொண்டுபோங்கள்; மேலே சொன்ன 30 நாள் நோட்டு அங்கே நேராகப் பயன்படும். ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) வாங்கியிருந்தால் இந்த வழி உதவாது. குடும்பத்திடமும் போதகரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டு, மிரட்டல் வந்தால் போலீஸில் புகார் கொடுங்கள். இன்னொரு ஆலோங்கிடம் வாங்கி முதல் ஆளுக்குக் கட்டுவதில்தான் குடும்பங்கள் மூழ்குகின்றன.

ஞாயித்துக்கிழமை ஓடி (ஓவர்டைம்) செஞ்சா டபுள். சபைக்குப் போகாம வேலைக்குப் போறது தப்பா?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955 வேலைச் சட்டத்தின்படி வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டினால் மணிக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து ஷிஃப்டில் ஓடும் வேலையோ சட்டம் சொல்லும் சில அவசரங்களோ தவிர, ஓய்வு நாளில் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் உள்ளவர்கள் பலர் இந்த விலக்குக்குள் வருவார்கள். மருத்துவமனைத் தாதியரும் அப்படியே. அவர்கள் மேல் குற்றம் சுமத்துவது நியாயமில்லை. சனி மாலை அல்லது புதன் இரவு ஆராதனையைத் தங்கள் நாளாக வைத்துக்கொள்ளட்டும்.

விருப்பத்தின்பேரில் போகும் ஓடிக்கு ஒரு அளவு வையுங்கள், மாதம் ஒரு ஞாயிறு என்பதுபோல. ஏன் போகிறேன் என்பதையும் எழுதிவையுங்கள்: பள்ளிக் கட்டணத்துக்கு என்றால் கட்டணம் கட்டியதும் நிறுத்த வேண்டும். எழுதாவிட்டால் ஓடிப் பணம் வழக்கமான வருமானமாகிவிடும், பிறகு அதை நம்பி ஒரு தவணை எடுப்போம், பிறகு ஞாயிறு நம்முடையதாக இருக்காது.

அம்மா அப்பாவுக்கு மாசம் 300 குடுக்கிறேன். அதைக் குறைச்சு சபைக்குக் குடுக்கலாமா?

கூடாது. மாற்கு 7-இல் இயேசு இதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லி நிறுத்தியவர்கள் தேவவசனத்தை அவமாக்குகிறார்கள் என்றார்.

சபைக்குள்ளேயே ஒரு அக்கா கூட்டு (சீட்டு) பிடிக்கிறாங்க. இன்னொருத்தர் மாசம் 10 சதவிகிதம் லாபம்னு முதலீடு சொல்றாரு. விசுவாசிங்கதானே, நம்பலாமா?

கூட்டை ஒரு தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதலில் பணம் எடுத்தவர் கட்டாமல் நின்றால் கடைசி மூன்று பேர் தலையில் விழும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கூட்டமே உடைந்துபோகும்.

மாதம் 10 சதவிகிதம் என்றால், லாபத்தை எடுக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் பணம் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். எந்த நேர்மையான வியாபாரமும் இப்படி உத்தரவாதம் தராது. பினாங்கில் 2017-இல் 'மணி கேம்' திட்டங்கள் சரிந்தபோது புதிதாக வருபவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கும் அதே வேலைதான் வெளிவந்தது. முதல் இரண்டு மாதம் லாபம் ஒழுங்காக வரும். அதைச் 'சாட்சி'யாகச் சொல்ல வைப்பார்கள். சேருமுன் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பங்குச்சந்தை ஆணையத்தின் பட்டியலிலும் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பதும் அனுமதி அல்ல. உரிமம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இணைய மோசடியில் வங்கிப் பணம் போய்விட்டால் உடனே 997. விதைக் காணிக்கைக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்: இன்றைக்குள் முடிவெடு என்று அவசரப்படுத்துபவரை விட்டு விலகுங்கள்.

நம்பர் அடிச்சா அதுலயும் பத்துல ஒண்ணு குடுத்துடலாம்ல?

லாட்டரி நம்பரே எடுக்காதீர்கள். பலர் தோற்ற பணத்தில் ஒருவர் பங்கு கொடுப்பது கர்த்தருக்குத் தேவையில்லை.

கடை வெச்சிருக்கேன். சபைக் கட்டட நிதிக்கு 5,000 குடுத்தேன். ஆனா வேலைக்காரங்களுக்கு இபிஎஃப் ரெண்டு மாசம் பாக்கி. பிறகு கட்டிக்கலாம்ல?

கடன் கேள்விக்குச் சொன்னதே இங்கும், இன்னும் கடுமையாக. தொழிலாளியின் 11 சதவிகிதம் அவர் சம்பளத்திலிருந்து பிடித்த அவருடைய பணம். உங்கள் பங்கு, 5,000 ரிங்கிட் வரை சம்பளத்துக்கு 13 சதவிகிதம், அதற்குமேல் 12. இரண்டும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச்சேர வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்தால், யாக்கோபு 5:4 சொல்லும் 'அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிற' கூலி அதுதான்.

பாக்கியைத் தாமதக் கட்டணத்தோடு இந்த மாதமே கட்டுங்கள். தொழிலாளியிடம் நேரில் சொல்லுங்கள். சகேயு மீட்படைந்த நாளில் பாதி ஏழைகளுக்கு என்றதோடு நிறுத்தவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். கட்டட நிதிக்கு வாக்குக் கொடுத்திருந்தால் பொருளாளரிடம் போய்த் தவணை கேளுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். நல்ல சபை அதற்காக உங்களை மதிக்கும்.

அப்பா விட்டுட்டுப் போன வீட்டை அண்ணனே வெச்சுக்கிட்டாரு. பங்கு கேட்டா 'நீ விசுவாசிதானே, பண ஆசையா'ங்கிறாரு. கேட்கிறது தப்பா?

தப்பில்லை. ஆனால் நிதானமாகக் கேட்க வேண்டிய இடம் இது. லூக்கா 12-இல் ஒருவன் இதையேதான் இயேசுவிடம் கொண்டுவந்தான்: என் சகோதரனைப் பங்கிடச் சொல்லும். அவர் பங்கிட மறுத்து, பொருளாசையைக்குறித்து எச்சரித்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்தவனின் உவமையைச் சொன்னார். பெரும்பாலான பிரசங்கங்களில் அந்த எச்சரிக்கை கேட்டவனுக்கு மட்டும் என்று சொல்வார்கள். வசனத்தில் 'அவர்களை நோக்கி' என்று இருக்கிறது. வைத்துக்கொண்டவருக்கும் அது உண்டு.

முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958 பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். துணைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் துணைவிக்கு கால், பெற்றோருக்கு கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகளுக்குள் ஆண் பெண், மூத்தவர் இளையவர் வித்தியாசம் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது அம்மாவின் பங்கு. பல வீடுகளில் பிள்ளைகள் சண்டையில் அதுதான் காணாமல் போகிறது.

அண்ணனிடம் தனியாகப் போய், கோபமில்லாத ஒரு நாளில், எழுத்தில் கேளுங்கள்: வீட்டின் மதிப்பு, யார் யாருக்கு என்ன, எத்தனை மாதத்தில். அவர் அப்பாவை வைத்துப் பார்த்த செலவையும் கடனையும் கணக்கில் சேருங்கள். முடியாவிட்டால் இருவரும் மதிக்கும் ஒரு மூப்பரையோ பெரியப்பாவையோ நடுவில் வையுங்கள். பவுல் 1 கொரிந்தியர் 6-இல் 'நீங்கள் ஏன் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை' என்று கேட்கிறார். உங்கள் சொந்தப் பங்கை நீங்களாக விட்டுக்கொடுக்க இந்த வசனம் வழி திறக்கிறது. அம்மாவின் பங்கையோ தங்கையின் பங்கையோ விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அவர்களுக்காகக் கேட்டே ஆக வேண்டும். இந்தச் சண்டை உங்கள் பிள்ளைகளுக்கு வராமல் இருக்க, உங்கள் உயிலையும் சேமநிதி வாரிசு நியமனத்தையும் இந்த மாதமே முடித்துவைத்து, கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இருவருக்குச் சொல்லுங்கள்.